அறுத்த அம்மோனைட்டா, ஆர்த்தோசெரஸ் பலகையா: முதல் புதைபடிவமாக எதை வாங்குவது?

பழங்காலக் கடல் உயிரினங்களின் புதைபடிவங்களைத் தேய்த்து மெருகேற்றி விற்கிறார்களே, அதில் ஒன்றை வாங்கி மேசையில் வைத்துக்கொள்ளலாம் என்று தேட ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார்கள். நத்தை ஓடுபோலச் சுருண்ட, நடுவே இரண்டாக அறுத்த அம்மோனைட், வானவில் நிறம் அடிக்கும் முழு அம்மோனைட், கறுப்புக் கல்லில் வெள்ளை ஈட்டிபோலக் கிடக்கும் ஆர்த்தோசெரஸ், உள்ளங்கைக்குள் அடங்கும் பழுப்பு நிறக் கோனியடைட். நானும் அப்படித்தான் நின்றேன். நின்று, அவசரப்பட்டு, தப்பானதை முதலில் வாங்கினேன். அந்தக் கதை கொஞ்சம் கழித்து.

வாங்கும்போது அழகு, அளவு, விலை என்றுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். இப்போது எனக்கு அதைவிட உதவுவது வேறு ஒரு கேள்வி. பாலிஷ் என்பது கல்லின் மேல் எதையோ பூசுவது இல்லை, தேய்த்து எடுப்பது. ஒவ்வொரு தேய்ப்பிலும் அந்த உயிரினத்தின் ஏதோ ஒரு பகுதி தூளாகத் தண்ணீரோடு போகிறது. போனதுக்குப் பதிலாக உள்ளே ஒளிந்திருந்த எது வெளியே வந்தது? போனது பெரிதா, வந்தது பெரிதா? இந்தக் கணக்கை ஒவ்வொரு வகைக்கும் போட்டுப் பார்த்தால் எதை முதலில் வாங்கலாம் என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

இந்தக் கணக்கில் அறுத்த அம்மோனைட்டை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பங்கு மடகாஸ்கரிலிருந்து வருகிறது. தீவின் வடமேற்கே மகஜங்கா பகுதியில் கிடைக்கும் கிளியோனிசெரஸ் சுமார் 11 கோடி ஆண்டு பழையது, கிரெட்டேசியஸ் காலத்தைச் சேர்ந்தது. தென்மேற்கே துலியாரா பக்கம் கிடைக்கும் பெரிஸ்ஃபிங்டஸ் அதற்கும் முந்தியது, ஜுராசிக், ஏறத்தாழ 16 கோடி ஆண்டு. முன்னது வழவழப்பாக, தடித்துச் சுருண்டிருக்கும். பின்னது கயிற்றுச் சுருள்போல வரிவரியாக இருக்கும். இரண்டையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் அப்புறம் குழப்பமே வராது.

அறுத்தால் என்ன தெரிகிறது என்பதைப் புரிந்துகொள்ள அந்த விலங்கு எப்படி வாழ்ந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். அம்மோனைட் நத்தை இல்லை. கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் உறவு. ஓடு முழுக்க அது வசிக்கவில்லை, வாசலை ஒட்டிய கடைசி அறையில் மட்டும்தான். உடம்பு வளர வளர முன்னால் நகர்ந்து, பின்னால் காலியான இடத்தை ஒரு தடுப்புச் சுவர் கட்டி அடைத்துவிடும், மறுபடி வளரும், மறுபடி அடைக்கும், இப்படியே போய் ஓட்டுக்குள் டஜன் கணக்கில் அறைகள் சேர்ந்துவிடும். எல்லா அறைகளையும் துளைத்துக்கொண்டு ஒரு மெல்லிய குழாய் ஓடும், அதன் வழியாகத்தான் அறையில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சி எடுத்து, வாயுவை நிரப்பி, கடலில் மூழ்காமல் மிதந்தது. செத்து அடியில் போய்ப் படிந்ததும் திறந்திருந்த கடைசி அறைக்குள் சேறு புகுந்தது. மூடிக் கிடந்த பின்னறைகளுக்குள் சேறு எளிதில் போக முடியவில்லை, சுண்ணாம்புச் சத்து கரைந்த நிலத்தடி நீர்தான் கசிந்து கசிந்து போனது. அந்த நீரிலிருந்து கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தின் படிகம் சுவரோரமாக வளர ஆரம்பித்து, சில அறைகளை முழுக்க நிரப்பியது, சிலவற்றைப் பாதியில் விட்டுவிட்டது. அதனால்தான் ஒரே துண்டில் ஓர் அறை தேன் நிறம், அடுத்தது பால் வெள்ளை, அதற்கடுத்தது உள்ளே மினுக்கும் படிகக் குகை.

இதெல்லாம் அறுக்காமல் தெரியவே தெரியாது. வெளிப்புற ஓட்டைப் பார்த்து உள்ளே எத்தனை அறை என்று யாராலும் சொல்ல முடியாது. ரம்பம் தின்றது ஒன்றிரண்டு மில்லிமீட்டர்; அதற்குக் கிடைத்தது அந்த விலங்கின் குஞ்சுப் பருவத்திலிருந்து கடைசி நாள் வரைக்குமான வரலாறு. லாபம்தான்.

ஆனால் அறுத்தது எல்லாம் ஒன்று இல்லை. சுருளின் மையத்தைப் பாருங்கள். ரம்பம் சரியாக நடுவில் போயிருந்தால் குண்டூசித் தலையை விடச் சின்னதாக ஒரு முதல் அறை தெரியும், முட்டையிலிருந்து வெளியே வந்தபோது அந்த விலங்குக்கு இருந்த மொத்த வீடே அதுதான். கொஞ்சம் விலகிப் போயிருந்தால் மையத்தில் ஒரு கலங்கல் இருக்குமே தவிரப் புள்ளி இருக்காது. அடுத்து வெளி விளிம்பை ஒட்டிய கோடு. அம்மோனைட்டில் அந்தக் குழாய் வெளி விளிம்போரமாக ஓடும், அதன் தூரத்து உறவான நாட்டிலஸில் அறைச் சுவரின் நடுவில் ஓடும். இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் இன்றும் உயிரோடிருக்கும் நாட்டிலஸின் ஓட்டை அறுத்து, பாலிஷ் போட்டு, புதைபடிவங்களோடு கலந்து வைத்திருப்பார்கள். அது அழகானதுதான், ஆனால் புதைபடிவம் இல்லை, அதோடு 2017 முதல் நாட்டிலஸ் வணிகம், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. மடகாஸ்கரிலிருந்தே உண்மையான நாட்டிலஸ் புதைபடிவமும் வருகிறது. அது கனமாக, கல்லாக இருக்கும், அறைகள் நிரம்பியிருக்கும். இன்றைய ஓடு காற்றுபோல லேசு.

ஜோடியாக வாங்கினால் இரண்டு பாதியும் ஒரே அம்மோனைட்டுடையதா என்று பாருங்கள். வெளிக்கோடு அப்படியே பொருந்த வேண்டும், அறைகளின் எண்ணிக்கையும் அமைப்பும் கண்ணாடியில் பார்ப்பதுபோல இருக்க வேண்டும். நுணுக்கமான படிகங்கள் மட்டும் லேசாக வேறுபடும், ரம்பம் தின்ற இடைவெளியால். இது குறை இல்லை. பெரிய குறை வேறு: வாசல் பக்கம் உடைந்து போயிருந்தால் சேற்று நிறத்தில் பசை கலந்து நிரப்பிவிடுவார்கள். கல் தூளும் பிசினும் கலந்த அந்த இடத்தைப் பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தால் காற்றுக் குமிழிகள் தெரியும். நான் இதற்காக ஒரு துண்டை ஒதுக்கமாட்டேன், சொல்லிவிட்டு விற்றால் போதும்.

சரி, முழு அம்மோனைட். அதே மடகாஸ்கர், பெரும்பாலும் அதே கிளியோனிசெரஸ், ஆனால் அறுக்காமல் மேலோட்டை மட்டும் தேய்த்தது. வெளிப்படலம் போனதும் உள்ளே இருக்கும் முத்துப்படலம் தெரிகிறது. இது அரகோனைட் என்ற கனிமத்தின் மிக மெல்லிய தட்டுகள் அடுக்கடுக்காக அமைந்தது. சிவப்பும் பச்சையும் சாயம் இல்லை, அடுக்குகளுக்கிடையே ஒளி மோதித் திரும்புவதால் வரும் நிறம். கையில் வைத்துத் திருப்பினால் நிறம் இடம் மாற வேண்டும். எந்தக் கோணத்திலும் மாறாத நிறம் என்றால் மேலே ஏதோ பூசியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. முத்துப்படலத்தையும் தாண்டித் தேய்த்துவிட்டால் நிறம் போய்விடும், ஆனால் அதன் அடியில் இலை நரம்புபோல, பாசிபோலக் கிளைத்துக் கிளைத்துப் போகும் கோடுகள் வெளிவரும். உள்ளே கட்டிய தடுப்புச் சுவர்கள் ஓட்டோடு சேரும் பொருத்துக்கோடுகள் இவை. அந்தச் சுவர்கள் ஓரத்தில் அப்படி மடிந்து மடிந்து போகும். ஓடு இருக்கும்வரை அவை தெரியாது. ஆக நிறம் வேண்டுமா, கோடு வேண்டுமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. நல்ல கைகாரர்கள் ஒரு பக்கம் நிறத்தை விட்டு, இன்னொரு பக்கம் கோட்டைக் கொண்டுவந்திருப்பார்கள். அப்படி ஒன்று கிடைத்தால் யோசிக்க வேண்டாம். வெறும் வானவில் மட்டும் உள்ள துண்டு அலமாரியில் பளிச்சென்று இருக்கும், ஆனால் விலங்கைப் பற்றி அறுத்த பாதி சொல்லும் அளவுக்கு எதுவும் சொல்லாது. படலமும் மென்மையானது, தட்டுப்பட்டால் செதில் செதிலாக உரியும், சூட்டில் வைக்கக்கூடாது.

நிறம்தான் முக்கியம் என்கிறவர்களுக்குக் கனடாவின் ஆல்பர்ட்டாவில் கிடைக்கும் அம்மோலைட் இருக்கிறது. சுமார் 7 கோடி ஆண்டு முந்தைய பிளாசெண்டிசெரஸ் என்ற அம்மோனைட்டின் முத்துப்படலம் அது. 1981-ல் ரத்தினக் கல்லாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆல்பர்ட்டாவிலிருந்து வெளியே கொண்டுபோக அரசு அனுமதி வேண்டும். நகையில் வருவது பெரும்பாலும் மெல்லிய துண்டுக்கு மேலே ஒரு கண்ணாடி போன்ற மூடியும் கீழே ஒரு தாங்குதளமும் வைத்து ஒட்டியது. எனக்கு இது நகை, சேகரிப்பு இல்லை. விலங்கே தெரியவில்லையே!

இப்போது என் முதல் தவறு. மொராக்கோவின் எர்ஃபூத் பக்கம், சகாரா விளிம்பில், கறுப்புச் சுண்ணாம்புக்கல் பாறைகள் இருக்கின்றன. அவற்றில் நேரான கூம்பு ஓடுகள் வெள்ளைக் கால்சைட்டாக மாறிக் கிடக்கின்றன. டெவோனியன் காலம், 36 கோடி ஆண்டுக்கும் மேல். ஆர்த்தோசெரஸ் என்ற பெயரில் விற்கிறார்கள். கண்டிப்பாகப் பார்த்தால் ஆர்த்தோசெரஸ் என்பது பால்டிக் கடல் பக்கத்தில், டெவோனியனுக்கும் முந்திய ஆர்டோவிசியன் காலப் பாறைகளில் கிடைக்கும் ஒன்றுக்கு உரிய பெயர். மொராக்கோவில் கிடைப்பவை அதன் உறவுகள், நாட்டிலாய்டுகள் என்ற நாட்டிலஸ் கூட்டத்தில் ஓடு நேராக இருந்தவை. பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, இனி மாறாது.

நான் வாங்கியது ஒரு தட்டு. நடுவிலிருந்து பூவிதழ்போல ஏழு கூம்புகள் விரிந்திருந்தன, எல்லாம் ஒரே நீளம், எல்லாவற்றிலும் நடுக்குழாய் நேர்க்கோடாகத் தெரிந்தது. இயற்கையே கோலம் போட்டிருக்கிறது என்று நானும் நம்பிவிட்டேன், இல்லை, நம்ப ஆசைப்பட்டேன். சில மாதம் கழித்து, புளிப்பான ஏதோ ஒரு பானம் வைத்திருந்த தம்ளரை அதன் மேல் வைத்து மறந்துபோய், எடுத்துப் பார்த்தபோது வட்டமாக மெருகு போயிருந்தது. கால்சைட் அமிலம் பட்டால் கரையும், அதில் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் என்னவென்றால் வெள்ளைக் கூம்பு அரிக்கப்பட்டிருந்தது, அதைச் சுற்றியிருந்த கறுப்பு மட்டும் அப்படியே பளபளத்தது. சுண்ணாம்புக்கல் என்றால் அதுவும் மங்கியிருக்க வேண்டுமே? அது கல் இல்லை, கறுப்புப் பிசின். தனித்தனியாகக் கிடைத்த கூம்புகளை எடுத்துப் பூவாக அடுக்கி, இடையில் ஊற்றி நிரப்பி, மொத்தமாகப் பாலிஷ் போட்டிருக்கிறார்கள். கூம்புகள் உண்மையானவைதான், தட்டுதான் பொய். விற்றவரைத் திட்டிப் பயனில்லை, பார்க்கத் தெரியாமல் வாங்கியது நான்.

எப்படிப் பார்ப்பது என்று அப்புறம்தான் கற்றுக்கொண்டேன். முதலில், பாறைக்குள் கூம்புகள் பல கோணத்தில் கிடக்கும், ஆனால் அறுப்பது ஒரே தளத்தில். அதனால் உண்மையான பலகையில் ஒன்று நீளமாக, ஒன்று முட்டை வடிவில், ஒன்று வெறும் வட்டமாக வெட்டுப்பட்டிருக்கும். சிலவற்றில் குழாய் தெரியும், சிலவற்றில் தெரியாது. எல்லாமே அச்சு வார்த்ததுபோல நீளவாக்கில், நடுக்குழாயோடு இருந்தால் யாரோ பொறுக்கி அடுக்கியது. இரண்டாவது, வெள்ளை நரம்புகள். பாறை இறுகிய பிறகு விரிசல் விட்டு, அதில் கால்சைட் நிரம்பியதால் வந்த கோடுகள் அவை. பாறை, புதைபடிவம் என்று பார்க்காமல் இரண்டையும் ஊடுருவிப் போகும். ஒரு நரம்பு பாறையில் கிளம்பிக் கூம்பையும் வெட்டிக்கொண்டு மறுபக்கம் போனால் அந்த இரண்டும் சேர்ந்தே இருந்தவை என்று நம்பலாம். கூம்பின் ஓரத்தோடு நின்றுவிட்டால் கொஞ்சம் கவனம். மூன்றாவது, பலகையைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள், அங்கே யாரும் அலங்காரம் செய்ய மெனக்கெடுவதில்லை. புற ஊதா டார்ச் அடித்தும் சோதிக்கலாம், பிசின் பெரும்பாலும் நீலமாக ஒளிரும், ஆனால் கால்சைட்டும் சில நேரம் ஒளிரும் என்பதால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம், கூம்பைச் சுற்றிப் பாறையைச் செதுக்கி, புடைத்து நிற்கும்படி செய்த துண்டுகள். நிமிர்ந்து நிற்கும் கோபுரம் மாதிரியான சிற்பங்களும் அப்படித்தான். அவற்றில் உள்ளே தெரியும் தடுப்புச் சுவர்கள் விலங்குடையவை, வெளி வடிவம் பெரும்பாலும் சிற்பியுடையது. அழகுப் பொருளாக வாங்கினால் தப்பே இல்லை. புதைபடிவமாக வாங்கினால், நரம்போடிய, ஒழுங்கில்லாத, விளிம்பு உடைந்த சாதாரணப் பலகைதான் மேல். அதில் லாபக் கணக்கும் நன்றாக இருக்கிறது: சுவர்கள், குழாய், கூம்பின் முனை எல்லாம் ஒரே பார்வையில் தெரிகிறது, ஒரு கடலடியில் ஒன்றாகப் படிந்த கூட்டமும் கிடைக்கிறது. அறுத்த அம்மோனைட்டில் அது கிடைக்காது, அங்கே எப்போதும் ஒரே ஆள்தான்.

கோனியடைட்டைப் பலரும் ஏழை வீட்டு அம்மோனைட் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இதுவும் மொராக்கோ, டெவோனியன், அம்மோனைட்டின் மூத்த வழி உறவு. பழுப்பு அல்லது சாம்பல் நிறத்தில் உருண்டையாக, கையில் எடுத்தால் விடவே மனம் வராது. ஓட்டைத் தேய்த்தபின் தெரியும் பொருத்துக்கோடுகள் இதில் எளிய வளைவும் கூர்முனையுமாக மின்னல் மாதிரி இருக்கும். இதே கோடுகள், ஜுராசிக்குக்குச் சற்று முந்திய டிரயாசிக் காலத்தில் பல் பல்லாகி, அதன்பின் வந்த அம்மோனைட்டுகளில் இலைக்கொடியாகவே ஆகிவிட்டன. ஆக ஒரு கோனியடைட்டையும் கோடு தெரியும் ஒரு கிரெட்டேசியஸ் அம்மோனைட்டையும் பக்கத்தில் வைத்தால் இருபத்தைந்து கோடி ஆண்டு மாற்றத்தை விரலால் தடவிப் பார்க்கலாம். சின்னது, உறுதியானது. இரண்டாவது வாங்கும் துண்டு இதுவாக இருக்கட்டும்.

சில வகைகளை விரைவாகத் தாண்டிவிடலாம். உடல் கட்டுக்கட்டாக இருக்கும் பழங்காலக் கடல் உயிரி டிரைலோபைட், அதைப் பாலிஷ் போட்டு வாங்காதீர்கள். அதன் பெருமையே மேல்தோட்டின் நுணுக்கமும் கால்சைட் வில்லைகள் பதித்த கண்களும்தான், தேய்த்தால் அதுதான் முதலில் போகும், சுத்த நஷ்டம். இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற கனிமமாக மாறி, தங்கம்போல மின்னும் அம்மோனைட்டுகள் ஈரக் காற்றில் ஆக்சிஜனோடு சேர்ந்து, உள்ளிருந்தே அமிலம் சுரந்து, வெள்ளைப் பொடி பூத்து நொறுங்கிப்போகக்கூடும். உலர்வாக வைத்துப் பராமரிக்கப் பொறுமை இருந்தால் மட்டும். டர்ரிடெல்லா அகேட் என்று நத்தைகள் நிறைந்த ஒரு பழுப்புக் கல் வரும், கடல் நத்தை என்று சொல்லி விற்பார்கள். அமெரிக்காவின் வயோமிங்கில் ஒரு பழைய ஏரியில் வாழ்ந்த நன்னீர் நத்தை அது. கல் அருமை, கடல்தான் இல்லை.

வாங்காமல் நீங்களே செய்யலாம் என்பதும் ஒரு வழி, அதை யாரும் ஒப்பிட்டுச் சொல்வதில்லை. ஹெக்ஸகோனேரியா என்ற டெவோனியன் காலப் பவளம், அமெரிக்காவின் மிச்சிகன் மாநில ஏரிக்கரைகளில் பெட்டோஸ்கி கல் என்ற பெயரில் கிடைப்பது. 1965 முதல் மிச்சிகனின் மாநிலக் கல்லும்கூட. அங்கே அரசு நிலத்திலிருந்து ஒருவர் ஓர் ஆண்டில் 25 பவுண்டுக்கு மேல் எடுக்கக்கூடாது. காய்ந்திருக்கும்போது வெறும் சாம்பல் கூழாங்கல், தண்ணீரில் நனைத்தால் தேன்கூடு மாதிரி ஆறுபக்கக் கட்டங்கள் எழும்பி வரும். தேய்க்காத துண்டு ஒன்று கையில் இருந்தால், 220, 400, 600 என்று ஏறிக்கொண்டே போகும் நீர்ப் பட்டைத்தாள், கடைசியில் மெருகுத்தூள், நனைந்த ஒரு துணி, சில மணிநேரம், இவ்வளவுதான். அவசரப்பட்டு ஒரு தாளைத் தாவினால் முந்தைய கீறல் கடைசி மெருகில் வந்து பல்லைக் காட்டும். ஒருமுறை இதைச் செய்தவர்களுக்கு, அடுத்தவர் போட்ட பாலிஷைப் பார்த்தவுடன் அது கல்லின் மெருகா, மேலே அடித்த வார்னிஷா என்று தெரிந்துவிடும். கற்றுக்கொள்ள இதைவிட மலிவான பள்ளி கிடையாது.

பைரைட்டைத் தவிர, எதை வாங்கினாலும் பராமரிப்பு ஒன்றுதான். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் கால்சைட் 3, தூசியில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் 7. உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் தூசியே பட்டைத்தாள் ஆகிவிடும். ஊதிவிட்டு, ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். வினிகர், எலுமிச்சை, குளியலறைக் கழுவும் திரவம் எதுவும் கிட்டே வரக்கூடாது, தம்ளரும்தான். அப்புறம் எங்கே கிடைத்தது, எந்தக் காலம், என்ன இனம் என்று ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிரேசில் மாதிரி 1942-லேயே சட்டம் போட்டுப் புதைபடிவங்களை அரசின் சொத்தாக்கிய நாடுகளும் உண்டு, அதனால் ஊர்ப்பெயர் சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்கவே வேண்டாம்.

ஆக என் வரிசை இது: முதலில் மையப்புள்ளி தெரிய அறுத்த மடகாஸ்கர் அம்மோனைட், அடுத்து கோனியடைட், இடமிருந்தால் நரம்போடிய கறுப்புப் பலகை. முதலாவதை ஒற்றைப் பாதியாக வாங்காமல் ஜோடியாகவே வாங்குங்கள், அதுவும் வெளிப்பக்கம் தேய்க்காமல் விட்டதாகக் கேளுங்கள். ஒரு பாதியை அறுத்த முகம் தெரியும்படி நிறுத்தி, மற்றதைத் திருப்பி வைத்தால் ஓட்டின் வரிகள் தெரியும். நான் இரண்டு முகத்தையும் காட்டித்தான் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்த ஒரு குழந்தை ஒன்றைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனது, அதை அப்படியே விட்டுவிட்டேன்.